லைன் நிற்கக் கூடாது

எனக்குக் கோபம் வரும். வந்தால் லேசில் போகாது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால், பிறகு யாரும் என்னை நல்லவள் என்று நினைத்து ஏமாற மாட்டார்கள். முனவ்வர் பேகத்தின் இடது கண்ணுக்காக நான் ஒரு பெண்ணின் காலை உடைத்தேன். தெரிந்தேதான் உடைத்தேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டபோது சந்தோஷமாகவும் இருந்தது.

என் பெயர் பூங்குழலி. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சோல் ஒட்டும் பிரிவில் வேலை. கம்பெனியின் பெண்கள் கால்பந்து அணியில் நான் ஸ்டாப்பர், அதாவது கோலுக்கு முன்னால் நின்று வருகிறவளை மடக்குகிறவள். எனக்குப் பின்னால் கோல்கீப்பர் முனவ்வர் அக்கா. கம்பெனியில் இருவரும் மூன்றாவது லைன், தையலிலிருந்து சோல்வரை ஒரே வரிசை; அதில் அவள் இரட்டை ஊசி மிஷின் ஓட்டுகிறவள். இரண்டு ஊசியும் ஒன்றாக இறங்கும். நடுவில் ஒரு நூல் பிசகினால் அந்தத் தோல் குப்பைக்குப் போய்விடும். அக்கா கையில் ஒரு துண்டுகூடக் குப்பைக்குப் போனதில்லை. அவள் கண்ணைத்தான் கம்பெனியே புகழும்.

நாடு முழுவதும் எட்டு மண்டலம், மண்டலத்துக்கு ஒன்றாக ஜெயித்து வந்த எட்டுப் பெண்கள் கிளப். எட்டும் மோதுகிற நாக்-அவுட் கோப்பை அந்த வருடம்தான் முதல் தடவையாக நடந்தது. ஒருமுறை தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். தெற்கு மண்டலத்தில் நாங்கள் ஜெயித்ததை எங்கள் அணி மேனேஜர் ராஜகோபால் சாரே நம்பவில்லை. தப்பாக அறிவித்துவிட்டார்களோ என்று இரண்டு தடவை போன் போட்டுக் கேட்டார். காலிறுதியில் மேற்கு மண்டலத்தை ஊருக்கு அனுப்பினோம். அரையிறுதி வேலூரில். அதில் ஜெயித்தால் ஆறாம் நாள் புவனேஸ்வரில் பைனல்.

அக்காவுக்கு முப்பத்து நான்கு வயது. முட்டி தேய்ந்துபோயிருந்தது. "இது ஒண்ணுதான் குழலி எனக்கு. அடுத்த வருசம் ஓட மாட்டேன். பைனல்ல ஒரு தடவ கோல்ல நின்னுட்டா போதும், அப்புறம் கைய கட்டிக்கினு மிஷின்ல உக்காந்துடுவேன்" என்பாள். அவளைப் பைனலில் நிறுத்த வேண்டும் என்பதைத் தவிர அந்த மாதம் முழுக்க எனக்கு வேறு நினைப்பே இல்லை.

எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு. விரலில் ஊசி இறங்கினால் கத்தக் கூடாது. கத்தினால் சூப்பர்வைசர் வருவார், லைன் நிற்கும், டார்கெட் போகும், முப்பத்தாறு பேரும் ஒரு மணி நேரம் கூடுதலாக உட்கார வேண்டும். அதனால் ஊசி இறங்கியவள் பல்லைக் கடித்துக்கொண்டு சக்கரத்தைக் கையால் திருப்பி ஊசியை மேலே எடுப்பாள். பக்கத்தில் இருப்பவள் மாஸ்கிங் டேப்பைச் சுற்றிவிடுவாள். வேலை ஓடும். யாராவது இடித்ததால் ஊசி இறங்கியிருந்தாலும் இடித்தவள் பெயரைச் சொல்வதில்லை. சூப்பர்வைசர் கேட்டால் "தானா ஆச்சு சார்" என்றுதான் சொல்ல வேண்டும்.

பதினோரு வருடத்துக்கு முன்னால், நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், தோல் கட்டைத் தூக்கிக்கொண்டு போகும்போது அக்காவின் முழங்கையில் இடித்துவிட்டேன். இரண்டு ஊசியும் அவள் கட்டைவிரலில் இறங்கி நகத்தைத் துளைத்து அடியில் வந்தன. எனக்கு வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். சூப்பர்வைசர் வந்து "யாரு?" என்றார். அக்கா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "தானா ஆச்சு சார்" என்றாள். அன்றிலிருந்து அவளுக்காக நான் யாரை வேண்டுமானாலும் அடிப்பேன்.

லைனில் மிஷின் சத்தத்தில் பேச்சு காதில் விழாது. எத்தனை ஜோடி பாக்கி என்பதைக் கையைப் பிடித்து அழுத்திச் சொல்வோம். மூன்று அழுத்தினால் மூன்று. அந்தப் பழக்கம் எங்களுக்கு மைதானத்திலும் உதவியது.

எங்கள் பூட்ஸையும் நாங்களே செய்தோம். மேல் பாகத்தை அக்கா தைத்தாள், நான் சோல் ஒட்டினேன். அடியில் தரையைப் பிடிக்க ஆறு ரப்பர் குமிழ். காலிறுதியில் என் வலது பூட்ஸில் கட்டைவிரலுக்குக் கீழே இருந்த குமிழ் பிய்த்துக்கொண்டு போனது. அதே அளவில் வேறு ரப்பர் கிடைக்கவில்லை. பிரஸ் மிஷினிலிருந்து ஓர் ஆறுமூலை போல்ட்டைக் கழற்றி அந்த இடத்தில் திருகினேன். இரும்பைக் கண்டால் ரெஃபரி விடமாட்டார். ஆகவே கருப்பு ரப்பரில் அதற்கு ஒரு குல்லா செய்து சொல்யூஷன் தடவி ஒட்டினேன். அரையிறுதி அன்று இறங்கும் முன்னால் ரெஃபரி எல்லோருடைய காலையும் தூக்கச் சொல்லித் தடவிப் பார்த்தார். என் காலையும் தடவினார். கண்டுபிடிக்கவில்லை. என் கை வேலையை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி. ஆம்பூரிலிருந்து கம்பெனி பஸ் மூன்று வந்திருந்தன. குடியாத்தத்திலிருந்து என் தம்பி நவநீதன் தறிக்காரப் பையன்களை ஒரு வண்டி ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். எதிரே கிழக்கு மண்டலம், ஜார்க்கண்டில் செங்கல் சூளைகள் இருக்கிற ஏதோ ஊர்க் கிளப். அவர்களுடைய ஒன்பதாம் நம்பரைப் பார்த்ததும் இவள் என் ஆள் என்று தெரிந்துவிட்டது. குட்டை, கனத்த கழுத்து, பந்தைப் பார்க்காமல் ஆளைப் பார்க்கிற கண். பட்டியலில் பெயர் புத்னி என்று இருந்தது.

முதல் பந்திலேயே அவள் முழங்கை என் விலாவில் இறங்கியது. அடுத்த பந்தில் என் முட்டியை அவள் தொடையில் வைத்தேன். அவள் விழுந்து எழுந்து சிரித்தாள். பத்தாவது நிமிடம் இரண்டு பேரும் தலையால் முட்டப் போய் என் மூக்கு உடைந்தது. ரத்தத்தை உறிஞ்சித் துப்பிவிட்டு அடுத்த தடவை அவள் குதிகாலை மிதித்தேன். ரெஃபரி இருவரையும் கூப்பிட்டு ஏதோ சொன்னார். இரண்டு பேரும் தலையை ஆட்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தோம். உண்மையைச் சொன்னால், அந்த ஒரு மணி நேரம் எனக்குப் பிடித்திருந்தது. அவளுக்கும் பிடித்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

முப்பத்தோராம் நிமிடம் எங்கள் சின்னவள் சஹர் ஒரு கோல் போட்டாள். அதன்பிறகு நாங்கள் கோட்டைக் காத்து நின்றோம், அவர்கள் வந்து வந்து முட்டினார்கள்.

ஐம்பத்தெட்டாம் நிமிடம் அவர்களுக்கு கார்னர். எட்டு ஒன்பது பேர் கோல் வாசலில் நெருக்கியடித்து நின்றோம். பந்து உயரத்தில் வந்தது. அக்கா எகிறிப் பிடித்தாள், யாரோ முதுகில் மோதியதில் நழுவவிட்டாள், பந்து தரையில் உருண்டது. அக்கா அதன்மேல் பாய்ந்தாள். புத்னியும் பாய்ந்தாள். நான் வலது காலை முழு வீச்சில் சுழற்றினேன். கால் எதிலோ பட்டது, பந்து வெளியே பறந்தது. புழுதி அடங்கியபோது அக்கா குப்புறக் கிடந்தாள். புத்னி அவள் பக்கத்தில் மண்டியிட்டு, அவள் தலைக்கு அடியில் கையை வைத்திருந்தாள்.

கை முழுக்க ரத்தம்.

அவள் தலையைத் தரையில் அழுத்துகிறாள் என்றுதான் என் கண்ணுக்குப் பட்டது. முடியைப் பிடித்து இழுத்து மல்லாக்கத் தள்ளினேன். கழுத்தில் முட்டியை வைத்தேன். அவள் இரண்டு கையையும் விரித்து, என் காலைக் காட்டி, இந்தியில் எதையோ திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்கு இந்தி தெரியாது. திமிராகப் பேசுகிறாள் என்று நினைத்து வாயிலேயே ஒரு குத்து விட்டேன். நாலு பேர் சேர்ந்து என்னைப் பிய்த்தெடுத்தார்கள். ரெஃபரி குத்தைப் பார்க்கவில்லை, ஆட்கள் மறைத்துக்கொண்டார்கள். அட்டை காட்டாமல் வாயால் எச்சரித்துவிட்டு விட்டார்.

அக்கா எழுந்து உட்கார்ந்திருந்தாள். இடது புருவம் கிழிந்து தொங்கியது. இமை வீங்கி மூடியிருந்தது. வீட்டில் உருது பேசுகிறவள் அவள், புத்னி சொன்னது அத்தனையும் அவளுக்குப் புரிந்திருக்கும். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

"இன்னாக்கா, கண்ணு தெரியுதா?"

"லைன் நிக்கக் கூடாது குழலி" என்றாள். "அந்தக் கொழந்தய எறக்க உட்டுடாத."

குழந்தை என்று அவள் சொன்னது ஹரிணியை, எங்கள் இரண்டாவது கோல்கீப்பர். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவள் இறங்கினால் ஐந்து நிமிடத்தில் மூன்று கோல் வாங்குவாள், பைனல் போய்விடும்.

போட்டி நடத்துகிறவர்களின் பிசியோ ஓடிவந்தார். இமையைத் தூக்கிப் பார்த்து, உள்ளே ரத்தமாக இருந்ததால் பஞ்சால் துடைத்தார். அக்காவின் வலது கண்ணைத் தன் கையால் மூடிவிட்டு, "எத்தனை விரல்?" என்று மூன்று விரலைக் காட்டினார். நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மூன்று தடவை அழுத்தினேன்.

"மூணு" என்றாள்.

இரண்டு விரல் காட்டினார். இரண்டு தடவை அழுத்தினேன். "ரெண்டு" என்றாள். "இப்போ?" என்று நான்கைக் காட்டினார். அழுத்தினேன், சொன்னாள். பிசியோ ரெஃபரியைப் பார்த்துத் தலையசைத்தார். பெஞ்சில் இருந்த என் பையை வாங்கி, மாஸ்கிங் டேப்பை எடுத்து, பஞ்சை வைத்து, அவள் நெற்றியைச் சுற்றி இறுக்கி ஒட்டினேன். இறுக்க இறுக்க அவள் பல் நறநறத்தது, சத்தம் வரவில்லை. நம் லைன் ஆள் என்று நினைத்தேன்.

அடுத்த இருபது நிமிடம் அக்கா ஒற்றைக் கண்ணோடு மூன்று பந்தைத் தடுத்தாள். ஒன்றைக் கையால், ஒன்றை மார்பால். மூன்றாவதை அவள் பார்க்கவே இல்லை, பந்துதான் அவள் முகத்தில் வந்து மோதிப் போனது. டேப் ஊறிச் சிவந்து கன்னத்தில் வழிந்தது. கூட்டம் அவள் பெயரைக் கத்தியது. ஒவ்வொரு தடவை அவள் விழுந்து எழும்போதும் நான் புத்னி எங்கே என்றுதான் பார்த்தேன்.

எண்பதாம் நிமிடம் கிடைத்தாள். நடுவில் பந்தை வாங்கித் திரும்பினாள். எடையெல்லாம் இடது காலில் இருந்தது. நான் ஆறு அடி ஓடிப் படுத்துச் சறுக்கினேன். பந்தையும் எடுத்தேன். பந்தை முதலில் தொட்டுவிட்டால் ரெஃபரி மஞ்சள் அட்டையோடு விடுவார் என்பது எனக்குத் தெரியும், பத்து வருடமாகச் செய்கிற வேலை. என் கால் பந்தைத் தாண்டிப் போய் அவள் கணுக்காலுக்கு மேலே இறங்கியது. காய்ந்த அடித்தோலை மடக்கி ஒடித்தால் வருகிற சத்தம். அவள் பாதம் தவறான பக்கம் திரும்பிக் கிடந்தது. சதையைக் கிழித்துக்கொண்டு எலும்பு வெளியே வந்திருந்தது.

அவள் அலறினாள். எங்கள் லைனில் யாரும் அப்படி அலறிக் கேட்டதில்லை. ரெஃபரி மஞ்சள் அட்டைதான் காட்டினார். கூட்டம் கைதட்டியது. விசில் அடித்தார்கள். ஆம்பூர்ப் பெண்கள் எழுந்து நின்று "போட்றி குழலி" என்று கத்தினார்கள். நான் அவள் பக்கத்தில் குனிந்து, "கண்ணுக்குக் கால்" என்றேன். அவளுக்குப் புரியாது என்று தெரிந்தும் சொன்னேன்.

ஒன்றுக்கு பூஜ்ஜியம். ஜெயித்தோம்.

கடைசி விசில் அடித்ததும் அக்கா கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தாள். அதே நேரம் கூட்டம் உள்ளே இறங்கியது. ஆட்டம் முடியும் முன்பே யாரோ கார்னர் வீடியோவைக் கம்பெனி குரூப்பில் போட்டு, புத்னியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் வரைந்திருந்தார்களாம். வீடியோவில் முதுகுகளும் புழுதியும்தான் தெரியும், ஆனால் வட்டம் போட்டுவிட்டால் யாருக்குச் சந்தேகம் வரும். அவர்கள் பஸ்ஸின் கண்ணாடி நொறுங்கியது. ஸ்ட்ரெச்சரில் போகிற பெண்ணின்மேல் செருப்பு விழுந்தது. நவநீதன் கையில் கல்லோடு ஓடியதை நானே பார்த்தேன். போலீஸ் லத்தியை எடுத்த பிறகும் அடங்கக் கால் மணி நேரம் ஆனது. அவர்களுடைய பயிற்சியாளர், நரைத்த மனிதர், மண்டை உடைந்து மைதானத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அப்போதுகூட ஒன்றும் தோன்றவில்லை.

இருவரையும் வேலூரில் ஒரே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். அக்கா இரண்டாம் மாடி, அந்தப் பெண் கீழ்த் தளத்தில் எலும்பு வார்டு. ஏழு மணிக்குக் கண் டாக்டரம்மா வெளியே வந்தார்.

"இடது கண் போயிடுச்சு. உள்ள கிழிஞ்சிருக்கு. அடிபட்ட உடனே வந்திருந்தா கொஞ்சமாவது பார்வைய காப்பாத்தியிருக்கலாம். அரை மணி நேரம் குதிச்சு விழுந்து, மறுபடி பந்தும் பட்டு, இருந்ததும் வெளிய வந்துடுச்சு. யாருங்க அவங்கள ஆட விட்டது?"

"தானா ஆச்சு மேடம்" என்றேன். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. டாக்டரம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

உள்ளே போனேன். முகத்தில் ஒட்டியிருந்த மண்ணையும் ரத்தத்தையும் துடைத்து, கண்ணுக்கு மட்டும் கட்டுப் போட்டிருந்தார்கள். தாடையிலிருந்து நெற்றிவரை தடம் தடமாக நீலம் பாரித்துத் தெரிந்தது. நான் சோல் ஒட்டுகிறவள். எந்தச் செருப்புத் தடத்தைக் கண்டாலும் அடியைப் படிப்பேன், அது ஒரு வியாதி. கிழக்கு மண்டலத்துக்காரிகள் போட்டிருந்தது கடையில் வாங்கிய பூட்ஸ், அடியில் நீள நீளமாகத் தகடு மாதிரி இருக்கும். அக்கா முகத்தில் இருந்தவை வட்டங்கள். தாடையில் இரண்டு, கன்னத்தில் இரண்டு. இரண்டு விரல் இடைவெளி, நான் போடுகிற இடைவெளி. கட்டுக்கு மேலே, புருவம் கிழிந்திருந்த இடத்தில் ஐந்தாவது தடம். அது வட்டமாக இல்லை. மூலை மூலையாக இருந்தது.

வெளியே வந்து பையைப் பிரித்தேன். வலது பூட்ஸைத் திருப்பினேன். ரப்பர் குல்லாவைக் காணோம். போல்ட்டின் ஆறு மூலையும் பளபளவென்று இருந்தன. இடுக்கில் ஒரு முடி ஒட்டியிருந்தது, நரைத்த முடி. அக்காவுக்குக் காதோரம் நரை உண்டு.

ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து என் பூட்ஸை என் நெற்றியிலேயே அடித்துக்கொண்டேன். ஒரு வாட்டி, இரண்டு வாட்டி. பக்கத்தில் இருந்த ஓர் அம்மாள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவளை உதறிவிட்டு உள்ளே போனேன். எனக்கு அக்காமேல்தான் கோபம் வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்தக் கட்டோடு கிடந்தவளை அறையக் கை ஓங்கினேன்.

"உனக்குத் தெரியுமாக்கா?"

ஒற்றைக் கண்ணைத் திறந்து, என் கையில் இருந்த பூட்ஸைப் பார்த்தாள்.

"தெரியும்."

"அந்தப் பொண்ணு இன்னா சொல்லிச்சி?"

"நான் இல்ல, உன் கால்தான், உங்க ஆளப் பாரு, டாக்டர கூப்புடுன்னு சொல்லிச்சி. என் தலைய மண்ணுல படாம புடிச்சிக்கினு இருந்திச்சி."

"அத அப்பவே சொல்றதுக்கு இன்னா? நான் அது கால ஒடச்சிட்டேன்கா. வேணும்னே ஒடச்சிட்டேன்."

"லைன்ல யாரு பேர யாரு சொல்லியிருக்கோம்?" என்றாள். "நீ அவ்ளோ தூரம் போவேன்னு நான் நெனைக்கல. மஞ்ச அட்ட வாங்குவே, அவ்ளோதான்னு நெனச்சேன். பைனல் கண்ணு முன்னாடி நின்னிச்சி குழலி. வாய மூடிக்கினேன்." நல்ல கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போயிற்று. துடைக்க எனக்குக் கை வரவில்லை.

வெளியே ராஜகோபால் சார் போனில் பேசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் போனை வைத்துவிட்டு உற்சாகமாக வந்தார். புத்னிமேல் எழுத்து மூலம் புகார் கொடுத்தாயிற்று, காலை ஒன்பதரைக்குப் போட்டி கமிஷனர் அவள் படுக்கைக்கே வந்து விசாரிப்பார், இரண்டு வருடமாவது தடை விழும் என்றார். பூட்ஸை அவரிடம் நீட்டி நடந்ததைச் சொன்னேன்.

அவர் போல்ட்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மெல்லிய குரலில் சொன்னார்: "இத தூக்கிப் போட்டுட்டு வேற போட்டுக்க. இரும்பு வச்ச பூட்ஸுன்னு தெரிஞ்சா மேட்ச அவங்களுக்குக் குடுத்துடுவாங்க. உனக்கு ஆயுசுக்கும் தடை. முனவ்வர் கண்ண குடுத்துதானே இந்த மேட்ச்ச ஜெயிச்சிது, அதையும் இல்லாம பண்ணப் போறியா? கம்முனு இரும்மா."

அவர் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. அதனால்தான் அவரை அடிக்க முடியவில்லை.

காலை ஒன்பது மணிக்கு நான் கீழே எலும்பு வார்டுக்குப் போனேன். புத்னியின் காலில் இரும்புக் கம்பிகளைக் குத்திக் கூண்டு மாதிரி கட்டியிருந்தார்கள். உதடு நான் குத்தியதில் வீங்கியிருந்தது. உச்சந்தலையில் உள்ளங்கை அகலத்துக்கு முடி இல்லை, தோல் தடித்துப்போயிருந்தது. செங்கல் சுமந்த தலை. அந்தத் தலையின் முடியைப் பிடித்துத்தான் இழுத்திருந்தேன். என்னைக் கண்டதும் அவள் கட்டிலின் ஓரத்துக்கு நகரப் பார்த்து வலியில் முனகினாள்.

எனக்கு அவள் பாஷை தெரியாது. பூட்ஸை எடுத்துத் திருப்பி அடியைக் காட்டினேன். போல்ட்டைத் தொட்டேன். என் இடது கண்மேல் அதை வைத்துக் காட்டினேன். பிறகு என் நெஞ்சைத் தொட்டேன். அவள் பூட்ஸையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பூட்ஸை அவள் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து முகத்தை அவள் எட்டும் தூரத்தில் வைத்தேன்.

அவள் அடித்தாள். பாவனைக்கு அடிக்கவில்லை, தோளிலிருந்து வீசி அடித்தாள். முதல் அடியில் மேலுதடு பிளந்தது. இரண்டாவதில் ஒரு பல் ஆடியது. மூன்றாவதுக்கு ஓங்கியவள் அதை ஓங்கியபடியே வைத்துக்கொண்டு அழுதாள். நான் சத்தம் போடவில்லை. பழக்கம்.

நர்ஸ் ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் ராஜகோபால் சாரும், நரைத்த மீசை வைத்த கமிஷனரும், தலையில் கட்டோடு அவர்கள் பயிற்சியாளரும் நுழைந்தார்கள். என் வாயிலிருந்து சட்டையில் ரத்தம் சொட்டியது.

"பாத்தீங்களா சார்" என்றார் ராஜகோபால் சார் கமிஷனரிடம். "படுத்த படுக்கையில இருந்தும் அடிக்குது. எங்க பொண்ணு நலம் விசாரிக்கத்தான் வந்திச்சி." பிறகு என் பக்கம் திரும்பி, "யாரு அடிச்சது, சொல்லும்மா" என்றார்.

தானா ஆச்சு என்று சொல்லியிருந்தால் அவர் பிழைத்திருப்பார். அவள் அடித்தாள் என்றிருந்தால் ஜெயித்தே இருப்பார்.

"முனவ்வர் கண்ண எடுத்தது நான் சார்" என்று கமிஷனரைப் பார்த்துச் சொன்னேன். "இந்த பூட்ஸு என்னுது. போல்ட்ட வச்சது நான், ரப்பர ஒட்டி மறச்சது நான். பிசியோ வெரல் காட்டும்போது கைய அழுத்தி நம்பர் சொன்னது நான். இது கால வேணும்னேதான் ஒடச்சேன். எழுதிக்குங்க." நடுவில் இரண்டு தடவை துப்ப வேண்டியிருந்தது. நர்ஸ் கிண்ணத்தைப் பிடித்தாள். கமிஷனர் எழுதினார். அவர்களுடைய பயிற்சியாளருக்கு இந்தியில் படித்துக் காட்டினார். அந்த மனிதர் என்னைத் திட்டவில்லை. தலையில் இருந்த கட்டைத் தடவிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். ராஜகோபால் சார் என் பக்கம் திரும்பாமல் வெளியே போனார். நான் ஆறு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன்.

மேலே அக்கா தலையணையில் சாய்ந்திருந்தாள். நான் வருவது முதலில் அவளுக்குத் தெரியவில்லை, இடது பக்கம் வந்துவிட்டேன். சுற்றிப் போய் வலது பக்கம் நின்றேன். என் உதட்டைப் பார்த்தாள்.

"யாரு?" என்றாள்.

பதினோரு வருடத்தில் அவள் இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்டதில்லை.

"புத்னி. நான்தான் பூட்ஸ கையில குடுத்தேன்." பிறகு சொன்னேன்: "எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டேன்கா. மேட்ச்சு அவங்களுக்குப் போவுது. நீ வாய மூடிக்கினத மட்டும் சொல்லல."

"அப்ப லைன் நின்னு போச்சி."

"நின்னு போச்சிக்கா."

அழுவாள் என்று நினைத்தேன், என்னை வைவாள் என்று நினைத்தேன். வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பைனல், கண், இரட்டை ஊசி எல்லாம் ஒரே நாளில் போன மனுஷி. கடைசியில் போர்வையை விலக்கினாள்.

"அந்தப் பொண்ணுகிட்ட இந்தி பேச இங்க யாருனா இருக்காங்களா?"

"கமிஷனர் போயிட்டாரு. அவங்க கோச்சு மட்டும்தான். அவரும் மதியம் ரயிலுக்கு மத்த பொண்ணுங்கள ஏத்திக்கினு போறாரு."

"என்ன எழுப்பு. நான் சொல்லாம உட்டத நான்தான் அது கிட்ட சொல்லணும்."

டாக்டரம்மா எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன். அவள் கேட்கவில்லை. தோளைக் கொடுத்தேன். வராண்டாவில் சுவரைத் தடவிக்கொண்டே வந்தவள், படிக்கட்டு வந்ததும் நின்று, அடுத்த படி எங்கே இருக்கிறது என்று காலால் தேடினாள். அவள் கையைப் பிடித்து எத்தனை படி என்று அழுத்திச் சொன்னேன். பதினெட்டுப் படி. அவள் இடது பக்கத்தில் நான் இறங்கினேன், அந்தப் பக்கம் இனி அவளுக்குத் தெரியாது.